சாம்பலில் கிடந்த அடுப்புகள்

எங்கள் கேம்ப் எரிந்ததைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும் தீயைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு உயரத்துக்கு எரிந்தது, எதுவும் வெடித்ததா, பயமாக இருந்ததா என்று. தீயைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. எரிந்தது, அணைந்தது. அணைந்த பிறகு வந்த நாட்களைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்ததோ அது மட்டும்தான்.

தீயணைக்கப் போனவன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான் பரமக்குடிப் பக்கத்துக்காரன். சவுதியில், ஜுபைலில் சாரம் கட்டுகிறேன். கெமிக்கல் பிளான்ட்டுகளில் மெஷினை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலை வந்தால் எங்கள் கம்பெனி ஆள் அனுப்பும். கேம்ப்புக்கு வாலன்டியர் தீயணைப்பு ஆட்கள் வேண்டும் என்று ஒருநாள் மெஸ் வாசலில் எழுதி ஒட்டினார்கள். தனிச் சம்பளம் கிடையாது. பயிற்சி நாளில் டூட்டி இல்லை, மதியம் பிரியாணி உண்டு என்றார்கள். நல்ல வெயில் காலம் அது. நான் பேர் கொடுத்துவிட்டேன். ஒரு தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்தி, தீயணைப்புச் சிலிண்டரால் அடித்து அணைக்கச் சொன்னார்கள். அணைத்தேன். சிவப்பு ஜாக்கெட் ஒன்று கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எவனாவது சிகரெட் பற்றவைத்தால்கூட, ஃபயர் பார்ட்டியைக் கூப்பிடு என்று ரூமில் என்னை ஓட்டுவார்கள்.

கேம்ப் என்பது வரிசை வரிசையாகப் போர்ட்டா கேபின்கள். வெளியே தகரம், உள்ளே பிளைவுட், நடுவில் சூடு தாங்க நுரை மாதிரி ஒன்றை அடைத்திருப்பார்கள். ரூமில் சமைக்கக் கூடாது என்பது கேம்ப் சட்டம். ரூமில் சமைக்காதவன் ஒருத்தனும் இல்லை என்பது கேம்ப் நடைமுறை. மெஸ்ஸில் தினமும் தால், சப்பாத்தி, கோழி குளித்துவிட்டுப் போன தண்ணீர் மாதிரி ஒரு குழம்பு. வெள்ளிக்கிழமை ஒருநாளாவது புளி ஊற்றி மீன் குழம்பு வைக்காவிட்டால் எங்கள் ஆட்களுக்குச் சனிக்கிழமை டூட்டிக்குக் கால் எழாது. ஆகவே எல்லா ரூமிலும் கட்டிலுக்கு அடியில் ஒரு கரண்டு அடுப்பு இருக்கும். கேம்ப் பாஸ் சோதனைக்குக் கிளம்பியதும் முதல் வரிசைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் 'மாமா வர்றார்' என்று போடுவார்கள். உடனே பிளக்கைப் பிடுங்கி, அடுப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, கம்பளியைத் தரை வரைக்கும் தொங்கவிட்டு, ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு எல்லாரும் படுத்துவிடுவோம். கேம்ப் பாஸ் கோட்டயத்துக்காரர். மீன் வாசம் தெரியாதவரா என்ன? ஊதுபத்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். 'மாமா வர்றார்' வந்தது. அவர் எங்கள் வரிசைக்கு வராமலே மெஸ் பக்கம் திரும்பிவிட்டார். ஆட்கள் பாதிப் பேர் ஜும்மாவுக்குப் போயிருந்தார்கள். எங்கள் ஃபயர் பார்ட்டியிலும் முக்கால்வாசிப் பேர் பள்ளிவாசலில் இருந்தார்கள். காற்று பேய்க்காற்று. நான் துணி காயப்போட்டுக் கொண்டிருந்தேன். வரிசையின் கூரை மேல் புகையைப் பார்த்தபோது யாரோ டயரைக் கொளுத்துகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஓடி, குழாயைத் திறந்தால் தண்ணீர் கொசகொசவென்று வந்தது. எங்கள் ஊர் முனிசிபாலிட்டிக் குழாயே தேவலாம். அந்த நுரை பற்றிக்கொண்டால் தண்ணீரெல்லாம் ஒரு கணக்கே இல்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றே ஒன்றுதான் உபயோகப்பட்டது. கதவு கதவாகத் தட்டு, ஆளை வெளியே இழு, வெளியே வந்தவனை உள்ளே விடாதே. அதைச் செய்தோம்.

ஒருத்தனை மட்டும் தடுக்க முடியவில்லை. எதிர் ரூம் தம்பி. முதுகுளத்தூர்ப் பக்கம். என்னோடு ஒரே கேங்கில் சாரம் கட்டுகிறவன். நான் கீழே நின்று பைப்பைத் தூக்கிக் கொடுப்பேன், அவன் மேலே நின்று வாங்கிப் பூட்டுவான். அவனைப் போல வேகமான கை எங்கள் கேங்கில் வேறு யாருக்கும் இல்லை. குளியலறையிலிருந்து ஈரத் துண்டோடு ஓடிவந்தவன், நான் கத்துவதைக் காதில் வாங்காமல் அவன் ரூமுக்குள் நுழைந்தான். பின்னால் கூரையில் பற்றியிருந்தது, முன்பக்கம் புகை. நான் வாசல் வரைக்கும் போய்விட்டேன். அதற்குள் அவன் வெளியே வந்தான். இரண்டு கையிலும் அந்தக் கரண்டு அடுப்பை ஏந்திக்கொண்டு வந்தான். குழம்பு இறக்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அடுப்பின் கம்பிச் சுருள் ஆறவில்லை. மேலே போட்டிருந்த நைலான் கம்பளி உருகி அடுப்பிலும் அவன் கையிலும் ஒட்டியிருந்தது. கீழே போடு என்று கத்தினேன். அவன் போடவில்லை. காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் ஓடி, முட்டி போட்டு, அதே கையால் மணலைத் தோண்டி அடுப்பைப் புதைத்தான். புதைத்த பிறகுதான் அலறினான்.

கொஞ்ச நேரத்தில் சிவில் டிஃபன்ஸ் தீயணைப்பு வண்டிகள் வந்து அணைத்துவிட்டன. மூன்று வரிசை போய்விட்டது. உயிர்ச் சேதம் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். தம்பியை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணே, நான் பிளக்க புடுங்குனேனாண்ணே?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் அவன் ரூமில் இல்லை. புடுங்கியிருப்பாய் என்று சொல்லி அனுப்பினேன். அவன் எதற்கு உள்ளே போனான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் அடுப்பில்தான் தீ பிடித்தது என்று நினைத்துவிட்டான். அடுப்பு கிடைத்தால் ரூம் மாட்டும், ரூமில் இருக்கிற ஆறு பேருக்கும் ஃபைனல் எக்ஸிட் அடித்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று பயந்துவிட்டான். மற்றவர்கள் அவன் பாஸ்போர்ட் எடுக்கப் போனதாகச் சொல்லிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பக்கத்துக் கேம்ப் மெஸ் ஹாலில் எங்களைப் படுக்க வைத்தார்கள். மறுநாளே யார் யாரோ வந்தார்கள். சட்டை, கம்பளி, பேஸ்ட், பிரஷ் எல்லாம் கொடுத்தார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஒரு கம்பளியை நாலு பேர் பிடித்துக்கொண்டு கொடுத்து, அதைப் போட்டோ எடுத்து, வாங்குகிறவனைச் சிரிக்கச் சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஃபயர் பார்ட்டிக்காரர்களுக்குப் பொன்னாடை மாதிரி ஒன்று போர்த்தி, ஃப்ரேம் போட்ட பேப்பர் கொடுத்தார்கள். தீப்பிடித்த அன்று என் சட்டையைப் பிடித்து, உன் குழாயில் ஏண்டா தண்ணி வரல என்று கேட்டவனும் கூட்டத்தில் நின்று கை தட்டினான். அவன் கேட்டதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது.

இதற்கு நடுவில் தீ எரிகிற வீடியோ ஊருக்குப் போய்விட்டது. எவன் எடுத்தான், எவன் அனுப்பினான் என்று தெரியாது. நாங்கள் சாம்பலைத் துடைப்பதற்குள் முதுகுளத்தூர் டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆளாளுக்கு வீட்டுக்குப் போன் போட்டு, அது நம்ம கேம்ப் இல்லை, பக்கத்துக் கேம்ப் என்று ஒரே பொய்யைச் சொன்னோம். ஒரே ஊர்க்காரர்கள் ரெண்டு பேர் வெவ்வேறு கேம்ப்பில் இருந்தார்கள். இவன் அவன் கேம்ப் என்றான், அவன் இவன் கேம்ப் என்றான். சாயங்காலம் ரெண்டு பேர் பொண்டாட்டிகளும் தண்ணீர்க் குழாயடியில் பேசி, ரெண்டு பேரும் பொய்யன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தச் சண்டையைக் கேட்டுத்தான் மெஸ் ஹாலில் நாங்கள் முதல் தடவையாகச் சிரித்தோம்.

தம்பி தன் மனைவியிடம் வெந்நீர் கொட்டிவிட்டது என்று சொன்னான். ஆஸ்பத்திரியில் போனை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் தலையணை மாதிரி வீங்கிக் கட்டுப் போட்டிருந்தது. கை தெரியாமல் முகத்தை மட்டும் காட்டச் சொன்னான். நான் முகத்தை மட்டும் காட்டினேன்.

சாம்பலைக் கிளற ஆட்களை விட்டது அதற்கடுத்த நாள். கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் ஹைதராபாத்காரர், நல்ல மனுஷர், கொஞ்சம் நக்கல் பேர்வழி. ஃபயர் பார்ட்டியில் ரெண்டு பேரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார். நானும் ஒருத்தன். கேபின் என்று ஒன்றும் இல்லை. கட்டில் சட்டங்கள் மட்டும் கறுத்து நின்றன. ஆட்கள் அவரவர் கட்டில் இருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, கம்பியால் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் பூட்டை மட்டும் கண்டுபிடித்து எடுத்தான். பெட்டி இல்லை, பூட்டு இருந்தது. சாவியும் அவன் இடுப்பில் இருந்தது. திறந்து பார்த்தான், திறந்தது. இன்னொருத்தன் லீவுக்குப் போக வாங்கி வைத்திருந்த சாமானெல்லாம் ஒரே கட்டியாக உருகிக் கிடந்ததைக் காலால் தள்ளிவிட்டு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றான். அழுகிறவர்களைவிட இப்படிப் பேசுகிறவர்களைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். முதல் கேபினில் கட்டில் சட்டத்துக்கு அடியில் ஒரு கரண்டு அடுப்பு. இரண்டாவதில் ஒன்று. அதற்கடுத்ததில் ரெண்டு. வரிசை முழுக்க, அடுத்த வரிசை முழுக்க, தகரமும் பிளைவுட்டும் மறைத்து வைத்திருந்ததெல்லாம் வெட்டவெளியில் கிடந்தது. ஒவ்வொரு அடுப்புக்குப் பக்கத்திலும் ஒரு குக்கர். கேம்ப் பாஸின் ரூம் இருந்த இடத்தில் அடுப்போடு ஓர் ஓவனும் கிடந்தது. கூட வந்திருந்த அவர் தலையைக் குனிந்துகொண்டு கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். ஆபீசர் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

"யே கேம்ப் தா, யா ஹோட்டல்?"

கேம்ப்பா, ஹோட்டலா என்று கேட்டவருக்குப் பதில் காலடியிலேயே கிடந்தது. ஷட்டவுன் நேரம். இத்தனை ரூமுக்கும் ஃபைனல் எக்ஸிட் அடித்தால் மறுநாள் பிளான்ட்டில் சாரம் கட்ட ஆள் இருக்காது. அது அவருக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். அடுப்புப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்கள்.

கடைசியில் தம்பியின் கேபின் இருந்த இடத்துக்கு வந்தோம். அங்கே அடுப்பு இல்லை. ஆபீசர் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார், மூலையில் பார்த்தார். அந்த மூன்று வரிசையிலும் அடுப்பு இல்லாத ரூம் அது ஒன்றுதான். இந்த ரூம் பையன்கள்தான் சட்டப்படி நடந்திருக்கிறார்கள், இவர்களைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஹிந்தியில் சொல்லி, அந்த ரூம் ஆட்களின் பேரைக் கேட்டார். நான் பேரைச் சொன்னேன். அவனைத் தவிர அத்தனை பேரும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தம்பியிடம் இதைச் சொன்னேன். கேம்ப் முழுக்க அடுப்பு வைத்திருந்திருக்கிறார்கள், உன்னை யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்றேன். அவன் அதில் சமாதானம் ஆகவில்லை. எல்லாரும் வைத்திருந்தது சரி, பற்றியது யாருடையது என்றான். கட்டுப் பிரிக்கிற வலியைப் பொறுத்துக்கொண்டு ஒவ்வொரு ரூம் ஆளுக்கும் என்ன போயிற்று என்று என்னிடம் விசாரிப்பான். பூட்டு மட்டும் கிடைத்தவனைப் பற்றிச் சொன்னபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். பார்க்க வருகிறேன் என்ற ரூம்காரர்களை வேண்டாம் என்று சொல்லச் சொன்னான். அவர்கள் அவனுக்குக் கை வெந்ததற்காக அழுதார்கள். அவன் அவர்கள் சாமான் எரிந்ததற்காக அழுதான். நடுவில் நான் ஒருத்தன் வாயை மூடிக்கொண்டு ரெண்டு பக்கமும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கை ஆறியது, விரல் மடங்கவில்லை. கம்பெனி லீவ் என்று சொல்லித்தான் அனுப்பியது. கை சரியானதும் வா என்றார்கள். சாரம் கட்டுகிறவனுக்கு பைப்பைச் சுற்றி விரல் பூட்ட வேண்டும், அது பூட்டாவிட்டால் அது கை இல்லை. திரும்பி வர முடியுமா என்று அவன் கேட்கவும் இல்லை, முடியாது என்று நான் சொல்லவும் இல்லை. தம்மாம் ஏர்போர்ட்டில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். மெஷின் எடுக்கவில்லை. அங்கே இருந்த சவுதி ஆபீசர் துடைத்து வைக்கச் சொன்னார், ஈரம் வைக்கச் சொன்னார். அப்புறம் அவன் கையைத் தானே திருப்பிப் பார்த்துவிட்டு, கலாஸ், கலாஸ், போதும் போ என்று முதுகில் தட்டி அனுப்பினார். அதைத் தம்பி பிறகு போனில் சொன்னான். இப்போது ரேஷன் கடையிலும் அவன் விரலுக்கு அரிசி கிடையாதாம், மனைவி விரல் வைத்துத்தான் வாங்குகிறார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

எங்களைப் புதுக் கேம்ப்புக்கு மாற்றினார்கள். அதே தகரம், அதே பிளைவுட். ரூமில் சமைக்கத் தடை என்று பெரிய எழுத்தில் நாலு பாஷையில் ஒட்டியிருந்தார்கள். தமிழில் மட்டும் எழுத்துப் பிழை. முதல் வெள்ளிக்கிழமை எல்லாரும் மெஸ்ஸில் சாப்பிட்டோம். இரண்டாவது வெள்ளிக்கிழமை எதிர் ரூமிலிருந்து ஊதுபத்தி வாசம் வந்தது. சிவப்பு ஜாக்கெட் போட்டவன் நான், போய்ச் சத்தம் போட்டிருக்க வேண்டும். போனேன். மீன் குழம்பு ஒரு கிண்ணத்தில் கொடுத்தார்கள். கம்பளியைத் தொங்கவிடாதே, பிளக்கைப் பிடுங்கியதும் அடுப்பை வெளியே வை, ஆறட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சட்டத்தைக் காப்பாற்ற என்னால் முடியாது. ஆளைக் காப்பாற்ற என்ன வழியோ அதைத்தான் சொல்ல முடியும். பட்ட பிறகும் நமக்குப் புத்தி வராது, வருவதற்குக் குழம்பு விடாது.

தீயின் காரணம் தெரிந்தது அதற்கும் பிறகு. சேஃப்டி ஆபீசர் ஃபயர் பார்ட்டிக்காரர்களை மட்டும் உட்காரவைத்துச் சொன்னார். வரிசையின் கடைசியில் இருந்த ரூம். அதில் இருந்தவர்கள் வெள்ளிக்கிழமை ஓவர்டைம் டூட்டிக்குப் போயிருந்தார்கள், ஏசியை நிறுத்தவில்லை. பழைய ஏசி, பழைய வயர். அங்கே பற்றி, காற்று அதைக் கூரை வழியாக இந்தப் பக்கம் கொண்டுவந்திருக்கிறது. அடுப்பால் எதுவும் எரியவில்லை. எந்த அடுப்பாலும். மற்றவர்கள் ஏசி கம்பெனியைத் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தம்பி அந்த அடுப்பை எடுக்காமல் இருந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. எல்லார் அடுப்பையும் போல அதுவும் சாம்பலில் கிடந்திருக்கும்.

அவனிடம் இதைச் சொல்வதா, வேண்டாமா? அவன் எதற்கு உள்ளே போனான் என்று இங்கே தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், சொன்னால் நான்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மூன்று வரிசையைக் கொளுத்தியவன் என்று தன்னையே நினைத்துக்கொண்டு இருப்பான். ஆனால் அந்த நினைப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. தப்புப் பண்ணினேன், கையைக் கொடுத்தேன், தீர்ந்தது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். நான் சொல்லிவிட்டால் தப்பு போகும், கை மட்டும் மிஞ்சும். ஒன்றுமில்லாததற்கு வெந்த கை. எனக்கென்றால் எதை விரும்புவேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. இப்படியே கொஞ்ச நாள் போயிற்று. அவன் போன் பண்ணும்போதெல்லாம் வேலை, வெயில், சம்பளம் என்று வேறு பேச்சுப் பேசி வைத்துவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவனே கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான், போனைப் பிடிக்க வராது. எங்கள் கேங்கில் இன்னொருத்தர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பத்திரிகை வந்திருக்கிறது, எந்த முகத்தோடு போவேன், அவர் சேர்த்து வைத்ததெல்லாம் என்னால்தானே எரிந்தது என்றான். அதற்கு மேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். கடைசி ரூம், ஏசி, வயர், காற்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"நெசமாவாண்ணே? என் அடுப்பு இல்லையா?"

இல்லை என்றேன். பெரிய மூச்சு ஒன்று விட்டான். பிறகு சிரித்தானா அழுதானா என்று எனக்குத் தெரியவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா, நிம்மதியாகத் தூங்கி எவ்வளவு நாளாகிறது தெரியுமா என்று என்னைக் கோபித்துக்கொண்டான். கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைக்கவே இல்லை போலிருந்தது. நான் இத்தனை நாளும் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்த பாரம் அவனுக்குப் பாரமே இல்லை. எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது. அவன் உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, ஏய், நம்ம அடுப்பால எரியலையாம், ஏசியாம் என்று சத்தமாகச் சொன்னான். அந்தப் பெண்ணிடம் அவன் ஊருக்குப் போனதுமே உண்மை எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவனுக்குச் சோறு ஊட்டுவது, சட்டை பொத்தான் போடுவது எல்லாம் அவள்தான். பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு போனுக்குப் பக்கத்தில் வந்து, அவனிடம் இல்லை, என்னிடம் கேட்டாள்.

"அப்ப இவுக கை எதுக்குண்ணே போச்சு?"

போனுக்குப் பக்கத்தில் அவள் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.